பயிருக்கு முந்திய பானை

பள்ளிப் பாடநூலில் புதிய கற்காலம் என்ற தலைப்பு வந்ததும் வேளாண்மை, கால்நடை வளர்ப்பு, மெருகேற்றிய கற்கோடரி, நெசவு, மண்பானை ஆகியவை ஒரே மூச்சில் வந்துவிடும். வேட்டையாடி அலைந்த மனிதர்கள் ஓரிடத்தில் தங்கினார்கள், விதைத்தார்கள், அறுத்தார்கள், அறுத்ததைச் சேர்த்துவைக்கவும் சமைக்கவும் பாத்திரம் தேவைப்பட்டது, ஆகவே பானை வந்தது என்று அந்தக் கதை போகும். இந்தத் தொகுப்புக்கு வலுவான வடிவம் கொடுத்தவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த தொல்லியலாளர் கார்டன் சைல்டு. புதிய கற்காலப் புரட்சி என்ற அவருடைய கருத்து 1936-இல் வெளிவந்த நூலின் வழியே உலகெங்கும் பரவியது. கரிமக் காலக்கணிப்பு முறை பிறப்பதற்குப் பத்தாண்டுக்கு மேல் முந்தைய நூல் அது. அன்று அவர் கையில் இருந்த சான்றுகளுக்கு அந்த வரிசை பொருந்தியது. அதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப்பின் கிடைத்த காலக்கணக்குகள் அந்தத் தொகுப்பைப் பிரித்துப்போட்டுவிட்டன. பானை விஷயத்தில் வரிசையே தலைகீழாகிவிட்டது. ஒரு பொருளைச் செய்யத் தெரிவது வேறு, அதை வாழ்க்கையில் ஏற்றுக்கொள்வது வேறு. இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கலாம் என்பதை வேறெந்தக் கண்டுபிடிப்பையும்விடப் பானையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ‘தேவையிலிருந்து பிறந்தது’ என்ற வழக்கமான விடை அந்த இடைவெளியைத் தொடுவதே இல்லை.

முதலில் பயிர் இருந்தும் பானை இல்லாத இடங்களைப் பார்ப்போம். பாலஸ்தீனத்தின் ஜெரிக்கோ மேட்டில் காத்லீன் கென்யன் 1952 முதல் 1958 வரை அகழாய்வு நடத்தினார். அடிமட்டத்தில் கல்லால் கட்டிய மதிலும், உள்ளே படிக்கட்டு வைத்த எட்டரை மீட்டர் உயரக் கோபுரமும் வெளிப்பட்டன. கோபுரத்தின் வயது ஏறத்தாழ 10,000 ஆண்டு. கோதுமையும் வாற்கோதுமையும் அங்கே இருந்தன; பானை ஓடு ஒன்றுகூட இல்லை. அந்தக் காலகட்டத்துக்கே ‘பானைக்கு முந்திய புதிய கற்காலம்’ என்று பெயர் வைக்க வேண்டியதாயிற்று. அந்த நிலை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. தானியத்தைச் சேர்த்துவைக்கத்தான் பானை என்ற வாதத்தைச் சாக்கடலுக்குத் தென்கிழக்கே, ஜோர்டானில் உள்ள தராவ் என்ற இடம் இன்னும் நேராகவே மறுக்கிறது. 11,000 ஆண்டுகளுக்கு முந்தைய வட்டமான மண்சுவர்க் களஞ்சியங்கள் அங்கே கிடைத்துள்ளன. தரையை மண்ணிலிருந்து உயர்த்தி, அடியில் காற்று போகும்படியும் எலி ஏறாதபடியும் அமைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் குதிருக்கும் பத்தாயத்துக்கும் கால் வைப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான். தானியம் காக்கும் சிக்கலுக்கு அவர்கள் விடை கண்டாயிற்று. அந்த விடை பானை அல்ல. பலூசிஸ்தானின் மெஹர்கரிலும் இதே நிலைதான். அடிமட்டத்து மக்கள் வாற்கோதுமை பயிரிட்டார்கள், மண்கல் வீடு கட்டினார்கள், நிலக்கீல் பூசிய கூடைகளைப் பயன்படுத்தினார்கள். பானை அவர்களிடம் இல்லை.

இவர்களுக்கு மண்ணைச் சுடும் வித்தை தெரியாமல் இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். அந்த எதிர்வாதம் நிற்காது. ஜெரிக்கோவிலும் அதன் சுற்றுவட்டாரங்களிலும் வீட்டுத் தரைகளுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். இறந்தவர்களின் மண்டையோட்டின்மேல் சாந்தால் முகம் வடித்தார்கள். ஜோர்டானின் அய்ன் கசல் என்ற இடத்தில் நாணல் கட்டின்மேல் சாந்து அப்பி மனித உருவங்களைச் செய்தார்கள். சுண்ணாம்புக் கல்லை நீற்ற 800 முதல் 900 டிகிரி வரை வெப்பம் வேண்டும். கரடுமுரடான ஒரு மண்சட்டியைச் சுட 600 டிகிரியை ஒட்டிய வெப்பமே போதும். கடினமான தொழில்நுட்பம் கைவசம் இருந்தபோது எளிய தொழில்நுட்பம் எட்டவில்லை என்று சொல்ல வழியில்லை. தவிர, களிமண்ணால் சிறு உருவங்கள் செய்யும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. மண் இருந்தது, நெருப்பு இருந்தது, தானியம் இருந்தது. பாடநூல் சொல்லும் காரணங்கள் எல்லாம் ஒன்றுகூடியும் பானை வரவில்லை.

இனி எதிர்ப்புறம் போவோம்: பயிரும் இல்லை, பானையும் இல்லை, ஆனால் சுட்ட மண் இருக்கிறது. செக் நாட்டின் தென்மொராவியாவில் உள்ள டோல்னி வியஸ்தோனிட்சே, பனியுகத்து யானை வேட்டையாளர்களின் குடியிருப்பு. 1925-இல் கரேல் அப்சலோன் தலைமையிலான அகழாய்வில், சாம்பல் படுகைக்குள் இரண்டு துண்டாக ஒரு பெண்ணுருவம் கிடைத்தது. ஏறத்தாழ 11 செ.மீ. உயரம், கண்ணுக்கு இரண்டு சாய்ந்த கீறல்கள், வாய் இல்லை, பெருத்த மார்பும் இடுப்பும். ஏறக்குறைய 30,000 ஆண்டுகளுக்கு முன் சுடப்பட்ட மண் அது. சிங்கம், கரடி, காண்டாமிருகம், பனியுக யானை எனச் சிறு விலங்குருவங்களும், ஆயிரக்கணக்கான உடைந்த துணுக்குகளும், சூளை போன்ற அடுப்புகளும் அதே வட்டாரத்தில் உள்ளன. ஒன்றிரண்டு கிடைத்திருந்தால் நெருப்பில் தவறி விழுந்த மண் என்று தள்ளிவிடலாம். ஆயிரக்கணக்கில் கிடைக்கும்போது அது தெரிந்தே செய்த தொழில்தான். 1989-இல் பமீலா வாண்டிவரும் ஓல்கா சோஃபரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு, துணுக்குகளில் பெரும்பாலானவை வெப்ப அதிர்ச்சியில் சிதறியவை என்று காட்டியது. அந்த ஊர் வண்டல் மண் எளிதில் வெடிக்கும் இனம் அல்ல. ஆகவே ஈரமான உருவங்களை வேண்டுமென்றே தீயில் போட்டு வெடிக்கவைத்திருக்கலாம், வெடிக்கும் காட்சியே நோக்கமாக இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. விரிசலைப் பார்த்து நோக்கத்தைச் சொல்வது சற்றுத் துணிச்சலான தாவல் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் நம் வாதத்துக்கு அந்தத் தாவல் தேவையில்லை. களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுத்துச் சுட்டால் அது பிறகு நீரில் கரையாது என்பது அந்த மக்களுக்குப் பரம்பரை பரம்பரையாகத் தெரிந்திருந்தது. அவர்களும் உண்டார்கள், நீர் மொண்டார்கள். அந்த மண்ணில் பதிந்துள்ள இழைத் தடங்கள் அவர்கள் பின்னல் வேலையும் அறிந்தவர்கள் என்று காட்டுகின்றன. அப்படியிருந்தும் ஒரு கிண்ணம்கூட அங்கே செய்யப்படவில்லை. குரோவேஷியாவின் வேலா ஸ்பிலா குகையிலும் 15,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுடுமண் உருவத் துண்டுகள் கிடைத்துள்ளன. பாத்திரம் அங்கும் இல்லை.

அப்படியானால் முதல் பானையை வனைந்தவர்கள் யார்? இன்றுள்ள சான்றுகள் கிழக்காசியாவைக் காட்டுகின்றன. சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் உள்ள சியன்ரன்டோங் குகையின் ஓடுகளுக்கு 20,000 முதல் 19,000 ஆண்டுகள் வரை வயது கணித்து, பீக்கிங் பல்கலைக்கழகத்தின் வூ சியாவ்ஹோங் குழுவினர் 2012-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பனியுகத்தின் உச்சக்கட்டக் குளிர்க்காலம் அது. ஓடுகள் தடித்தவை, பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரை ஒட்டியவை. மண்ணில் நொறுக்கிய கல் கலந்திருக்கிறது. இது அனுபவம் சொல்லித்தந்த வேலை. மண்ணுக்குள் மணலோ கல்துணுக்கோ இருந்தால் சுடும்போது நீராவி வெளியேற வழி கிடைக்கும். அடுப்பில் ஏற்றும்போது தோன்றும் விரிசல் அந்தத் துணுக்கில் முட்டி நின்றுவிடும். வெளிப்பக்கத்தில் கரி படிந்திருக்கிறது. ஆகவே இவை தீயின்மேல் வைக்கப்பட்ட பாத்திரங்கள்தாம். இந்தக் காலக்கணிப்பை எல்லோரும் ஏற்கவில்லை. ஓடுகளை நேராகக் கணிக்கவில்லை, அதே அடுக்கில் கிடந்த எலும்பையும் கரியையும்தான் கணித்தார்கள். குகை மண் புரண்டிருந்தால் பழைய எலும்பும் புதிய ஓடும் ஒரே அடுக்கில் கலந்திருக்கலாம் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. நியாயமான கேள்வி. அதற்காக அந்தக் குகையையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். ஜப்பானின் அவோமோரி மாவட்டத்தில், ஒடாய் யமமோட்டோ என்ற இடத்தில் 1998-இல் கிடைத்த அலங்காரமற்ற சிறு ஓடுகள் மிஞ்சுகின்றன. அங்கே கணிக்கப்பட்டது ஓட்டிலேயே ஒட்டியிருந்த கரி, அதாவது யாரோ சமைக்கும்போது தீய்ந்து பிடித்த உணவு. வயது 16,000 ஆண்டுகளை ஒட்டியது. யாங்சி ஆற்றுப் படுகையில் நெல் சாகுபடியின் தொடக்கச் சான்றுகள் 10,000 ஆண்டுகளை ஒட்டியவை. ஜப்பானிலோ நன்செய் நெல் வேரூன்றியது கி.மு. முதல் ஆயிரமாண்டில்தான். எவ்வளவு கஞ்சத்தனமாகக் கணக்கிட்டாலும் பயிருக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே பானை அடுப்பில் ஏறிவிட்டது.

அந்தப் பானையில் என்ன வெந்தது என்பதற்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. மெருகு பூசாத மண்பாத்திரம் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கொழுப்பமிலங்களைப் பிரித்தெடுத்து அடையாளம் காண முடிகிறது. யார்க் பல்கலைக்கழகத்தின் ஆலிவர் கிரெய்க் குழுவினர் 2013-இல், ஜப்பானின் ஜோமோன் பண்பாட்டின் தொடக்கக்காலத்தைச் சேர்ந்த 13 இடங்களிலிருந்து 101 கரிப் படிவுகளை ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை கடல், ஆறு, ஏரி ஆகியவற்றின் உயிரினங்களைச் சமைத்த தடயங்களைக் காட்டின. மீன்குழம்புக்கு மண்சட்டியை விட்டால் வேறில்லை என்று சாதிப்பவர்களுக்கு இந்த முடிவு இனிக்கும். ஆனால் கவனம் தேவை. கொழுப்பு மிகுந்த உணவு தடயத்தை விட்டுச்செல்லும். கிழங்கும் கீரையும் கஞ்சியும் விட்டுச்செல்லும் தடயம் மிகச் சொற்பம். மீன் மட்டுமே வெந்தது என்பது, மீனின் தடயம் மட்டுமே தங்கியது என்பதன் மறுபக்கமாக இருக்கலாம். இந்த ஐயத்துக்கு ஒரு பகுதி விடையை லிபியச் சகாரா தருகிறது. அன்று பசுமையாக இருந்த அந்நிலத்தில், டக்கர்கோரி, உவான் அஃபுதா ஆகிய இடங்களில் கி.மு. 8200 முதல் 6400 வரையிலான ஓடுகளில் காட்டுத் தாவரங்களைச் சமைத்த தடயங்கள் ஏராளமாகத் தெரிந்தன. அங்கே வேளாண்மை வர இன்னும் நெடுங்காலம் இருந்தது. ஆக, தாவரத்தைச் சமைத்தால் அதையும் இந்த முறை காட்டிக்கொடுக்கக்கூடியதே. ரஷ்யாவின் தூரகிழக்கில், அமூர் ஆற்றின் கீழ்ப்பகுதிப் பானைகளில் மீனும், அதே ஆற்றின் மேற்பகுதிப் பானைகளில் அசைபோடும் விலங்கின் கொழுப்பும் தெரிகின்றன. மீன், புல்விதை, இறைச்சிக் கொழுப்பு என்று இடத்துக்கு இடம் மாறுகிறது உணவு. பானையை ‘வரவழைத்த’ ஒற்றைத் தேவை என்று எதையும் சுட்ட முடியவில்லை.

இங்கேதான் கடினமான எதிர்வாதம் வருகிறது. தானியத் தேவை இல்லையென்றால் மீன் எண்ணெய்த் தேவை, அல்லது குளிரில் எலும்பை வேகவைத்துக் கொழுப்பெடுக்கும் தேவை, எப்படியும் தேவைதானே? பெயரை மாற்றிவிட்டு விளக்கத்தை அப்படியே வைத்திருக்கிறோம் அல்லவா? இதற்கு இரண்டு விடைகள். பானை இல்லாமலும் நீரைக் கொதிக்கவைக்க முடியும். கற்களைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, தோல்பையிலோ நெருக்கமாகப் பின்னிய கூடையிலோ மண்குழியிலோ உள்ள நீரில் போடுவது உலகின் பல பகுதிகளில் இருந்த முறை. அந்த வழியில் எலும்பும் வேகும், எண்ணெயும் மிதக்கும். பானை தந்தது கொதிநீரை அல்ல, ஓய்வை. கல் மாற்றிக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. அடுப்பில் ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அது பெரிய வசதிதான். ஆனால் கனமான, எளிதில் உடையும் பாத்திரத்தைச் சுமந்து திரிபவர்களுக்கு அது வசதியும் அல்ல. ஒரு பருவமாவது ஓரிடத்தில் தங்கி, ஒரே நேரத்தில் நிறைய உணவு வந்து குவிகிறவர்களுக்கே அது பொருந்தும். இரண்டாவது விடை காலக்கணக்கில் உள்ளது. குளிர்தான் காரணம் என்றால் கடுங்குளிர் போனதும் பானையும் குறைந்திருக்க வேண்டும். ஜப்பானில் நடந்தது இதற்கு நேர்மாறு: பனியுகத்தின் கடைசி ஆயிரமாண்டுகளில் ஓரிடத்துக்குச் சில பானைகள்தாம், நிலம் சூடேறிக் காடும் மீனும் பெருகிய பிறகே, ஏறக்குறைய 11,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்து, பானைகள் மலைபோலப் பெருகுகின்றன. பற்றாக்குறை செய்யாததைச் செழிப்பு செய்திருக்கிறது. கனடாவின் தொல்லியலாளர் பிரையன் ஹேடன் இந்த இடத்தில்தான் தன் விளக்கத்தை வைக்கிறார்: முதல் பானைகள் அன்றாடச் சமையலுக்கல்ல, விருந்துக்கு, மீன் திரளும் பருவத்தில் கூடும் கூட்டத்துக்கு முன் அரிய உணவை அரிய பாத்திரத்தில் பரிமாறிப் பெயர் வாங்கவே செய்யப்பட்டவை என்கிறார். ஜப்பானில் முதலில் பானை எண்ணிக்கை அவ்வளவு குறைவாக இருந்ததற்கு இது நல்ல விளக்கம். ஆனால் விருந்து நடந்ததற்கான நேரடித் தடயம் மெலிந்தது. கரி படிந்த சட்டியைப் பார்த்து அது பந்திக்கா, ஒரு வீட்டின் இரவுச் சாப்பாட்டுக்கா என்று பிரிப்பது கடினம். விருந்து என்ற பகுதியை ஐயத்தோடும், மிகுதி என்ற பகுதியை உறுதியோடும் ஏற்கலாம் என்பது என் கணிப்பு.

மேற்காசியாவில் பானை கடைசியில் வந்த விதமும் இதற்கு ஒத்துப்போகிறது. வடசிரியாவில், பாலிக் ஆற்றங்கரையில் உள்ள டெல் சபி அப்யத் மேட்டில் கி.மு. 7000-ஐ ஒட்டிய அடுக்குகளில் முதல் பானைகள் தென்படுகின்றன. அவை எண்ணிக்கையில் குறைவு, கவனமாகச் செய்தவை, சிலவற்றில் வண்ணக் கோடுகளும் உண்டு. வைக்கோல் கலந்த முரட்டுப் பானைகள் பெருமளவில் வருவது அதற்குப் பிறகுதான். அவசரத் தேவைக்குப் பிறந்த பொருளானால் முதலில் முரடாக இருந்து பின்னர் அழகுபட வேண்டும். இங்கே வரிசை மாறியிருக்கிறது. பானை ஊரோடு ஒட்டிய பிறகு அதற்குப் புதுப்புது வேலைகள் கிடைத்தன. 2008-இல் ரிச்சர்ட் எவர்ஷெட் குழுவினர் மேற்காசியாவிலும் தென்கிழக்கு ஐரோப்பாவிலும் இருந்து 2,200-க்கு மேற்பட்ட ஓடுகளை ஆராய்ந்து, கி.மு. 7-ஆம் ஆயிரமாண்டிலேயே பால் கொழுப்பு இருந்ததைக் காட்டினார்கள். மர்மரா கடலைச் சுற்றிய பகுதியில் அது மிகுதி. பாலைக் காய்ச்சவும் பதப்படுத்தவும் பானை இன்றியமையாதது என்று நாம் இன்று நினைக்கிறோம். ஆடுமாடுகளைப் பழக்கியவர்களின் முதல் தலைமுறைகளுக்கு அப்படித் தோன்றவில்லை. பானை கைக்கு வந்த பிறகே அது இல்லாமல் முடியாது என்ற நிலை உண்டாகிறது. அந்த நிலையைப் பின்னோக்கி எடுத்துச்சென்று தோற்றத்துக்குக் காரணமாக வைப்பதுதான் பாடநூல் செய்யும் பிழை. தமிழ்நாட்டில் பையம்பள்ளி போன்ற புதிய கற்கால ஊர்களில் கொள்ளும் பாசிப்பயறும் பானை ஓடுகளோடு சேர்ந்தே கிடைக்கின்றன என்பது உண்மை. அங்கே இரண்டும் முன்பே வேறெங்கோ முதிர்ந்து, ஒன்றாகப் பயணப்பட்டு வந்தவை. சேர்ந்து வந்ததால் சேர்ந்தே பிறந்தன என்றாகாது.

தெரிவதற்கும் ஏற்பதற்கும் இடையே உள்ள தூரம் பானைக்கு மட்டும் உரியதல்ல. மெக்சிகோவின் வெராகுருஸ் பகுதியில் சக்கரம் கோத்த சுடுமண் விலங்குப் பொம்மைகள் கிடைத்துள்ளன. ஐரோப்பியர் வரும்வரை அங்கே ஒரு வண்டியும் ஓடவில்லை. இழுக்க மாடோ குதிரையோ இல்லாததே காரணம் என்பார்கள். கையால் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டிக்கு மாடு வேண்டாமே என்று கேட்டால் அந்த விளக்கமும் சற்றுத் தடுமாறும்.

பானையின் கதையில் இன்னும் வலுவான சான்று தென்னமெரிக்காவில் இருக்கிறது. பெருவின் சூப்பே பள்ளத்தாக்கில் உள்ள கரால், கி.மு. 2600-ஐ ஒட்டிய நகரம். ரூத் ஷேடியின் அகழாய்வுகளால் வெளிவந்தது. படிப்படியாக எழும்பிய பெரும் கல்மேடைகள், தரைக்குக் கீழே இறங்கும் வட்ட மன்றங்கள், பருத்தி, கடலிலிருந்து வந்த நெத்திலி எல்லாம் அங்கே உண்டு. சுடாத களிமண் பொம்மைகளும் உண்டு. பானை இல்லை. கேள்விப்படாததால் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது: வடக்கே ஈக்வடார் கரையில் வால்டிவியா மக்கள் அப்போதே பானை வனைந்துகொண்டிருந்தார்கள். அந்த வெதுவெதுப்பான கடலில் கிடைக்கும் முட்சிப்பி கராலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சிப்பி வந்த வழியில் பானை வரவில்லை. சுரைக்குடுவையும் சூட்டுக்கல்லும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன.

ஏற்றுக்கொண்டதைக் கைவிட்டவர்களும் உண்டு. பசிபிக் தீவுகளில் குடியேறிய லபிட்டா மக்கள், பல்வரிசை போன்ற அச்சால் நுணுக்கமான கோலங்கள் பதித்த பானைகளைச் செய்தவர்கள்; கி.மு. முதல் ஆயிரமாண்டின் தொடக்கத்தில் அவர்கள் டோங்காவையும் சமோவாவையும் அடைந்துவிட்டார்கள். அங்கே கோலம் முதலில் மறைந்தது, பானை எளிமையானது, பின்னர் பானையே நின்றுவிட்டது. சேம்பும் ஈரப்பலாவும் பயிரிட்ட வேளாண் மக்கள் அவர்கள். சூடேற்றிய கற்களை நிரப்பிய குழியடுப்பில் இலை மூடி உணவை வேகவைத்தார்கள். களிமண் கிடைக்காத பவளத்தீவுகளால் தொழில் அழிந்தது என்று சிலர் விளக்குவதுண்டு. பவளத்திட்டுகளுக்கு அது பொருந்தலாம். சமோவா எரிமலைத் தீவு, அங்கே களிமண் இருக்கிறது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் 13-ஆம் நூற்றாண்டை ஒட்டிக் குடியேறிய நியூசிலாந்தில் களிமண்ணுக்கும் விறகுக்கும் குறைவே இல்லை. மவோரி மக்கள் அங்கே வள்ளிக்கிழங்கு பயிரிட்டார்கள், சுரைக்குடுவையில் நீர் வைத்தார்கள், ஐரோப்பியர் வரும்வரை ஒரு பானையும் சுடவில்லை.